சுகருக்கு பயம், பி.பி.க்கு அலட்சியம்... இரண்டும் ஏன் சேர்ந்தே வருகின்றன?

சர்க்கரை நோய் உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த வீடே அதைச் சுற்றித்தான் இயங்கும். காபியில் சர்க்கரை போடுவது நிற்கும். விருந்துக்குப் போனால், 'அவருக்கு ஸ்வீட் வைக்காதீங்க' என்று பக்கத்தில் இருப்பவரே தடுப்பார். சாப்பாட்டுக்கு முன், பின் என்று அளவெடுத்து நோட்டில் எழுதி வைப்பார்கள். அதே நபருக்கு ரத்த அழுத்தம் எவ்வளவு என்று கேட்டால், 'போன தடவை டாக்டர் பார்த்தப்போ கொஞ்சம் அதிகம்னு சொன்னார்' என்பதோடு பேச்சு முடிந்துவிடும். தயிர் சாதத்துக்கு ஊறுகாய் வழக்கம்போல வரும்.

சர்க்கரையைக் கண்டு பயப்படுவதில் தவறில்லை. ஆனால், சர்க்கரை நோயாளிகளின் உயிரைப் பறிப்பவற்றில் முதலிடத்தில் இருப்பவை மாரடைப்பும் பக்கவாதமும்தான். இந்த இரண்டுக்கும், சிறுநீரகச் செயலிழப்புக்கும் சர்க்கரையோடு சேர்ந்து வழிபோட்டுக் கொடுப்பது உயர் ரத்த அழுத்தம். ஒன்றை மட்டும் கவனித்துவிட்டு மற்றொன்றை விட்டுவிடுவது, முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

எத்தனை பேருக்கு?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய 'இண்டியாப்' ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாகின. ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்த ஆய்வு அது. அதன்படி நாட்டில் 11.4 சதவிகிதம் பேருக்கு, அதாவது சுமார் 10 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. உயர் ரத்த அழுத்தமோ 35.5 சதவிகிதம் பேருக்கு. வயிற்றுப் பகுதியில் கொழுப்பு சேர்ந்திருப்பவர்கள் 39.5 சதவிகிதம்.

கடைசியாகச் சொன்ன அந்தத் தொப்பைக் கணக்குதான் மற்ற இரண்டையும் இணைக்கும் கயிறு. டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்த அழுத்தமும் அதிகமாக இருக்கிறது. ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம். இது தற்செயல் இல்லை.

உடலுக்குள் என்ன நடக்கிறது?

வயிற்றுக்குள், குடல், கல்லீரலைச் சுற்றிக் கொழுப்பு சேரச் சேர, தசைகள் இன்சுலின் சொல்வதைச் சரியாகக் கேட்காமல் போகின்றன. 'இன்சுலின் எதிர்ப்பு நிலை' என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். தசை கேட்கவில்லை என்றதும் கணையம் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. இப்படிப் பல ஆண்டுகள் ஓடும். பரிசோதனையில் சர்க்கரை அளவு சரியாகவே இருக்கும். ஆனால், ரத்தத்தில் இன்சுலின் மிக அதிகமாக இருக்கும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. சர்க்கரை விஷயத்தில் தசைகள் இன்சுலினை மதிக்காவிட்டாலும், சிறுநீரகம் அதன் பேச்சைத் தொடர்ந்து கேட்கிறது. சிறுநீரகத்துக்கு இன்சுலின் கொடுக்கும் கட்டளைகளில் ஒன்று, 'உப்பை வெளியே விடாதே' என்பது. உப்பு தங்கினால் அதோடு நீரும் தங்கும். ரத்தத்தின் கொள்ளளவு கூடும். போதாக்குறைக்கு, அதிக இன்சுலின் பரிவு நரம்புகளையும் தூண்டிவிடுகிறது. இதயம் வேகமாகத் துடிக்கிறது, ரத்தக்குழாய்கள் சுருங்குகின்றன. குழாயைத் தளர்த்தி விரியவைக்கும் நைட்ரிக் ஆக்சைடின் உற்பத்தியும் குறைகிறது. ஓடும் ரத்தம் அதிகம், குழாயோ குறுகல் என்றால் அழுத்தம் ஏறத்தானே செய்யும்?

பலருக்குச் சர்க்கரை நோய் கண்டுபிடிக்கப்படும் நாளிலேயே ரத்த அழுத்தமும் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான். 1988-ல் அமெரிக்க மருத்துவர் ஜெரால்டு ரீவன் இந்தக் கூட்டணியைத் தெளிவாக எடுத்துச் சொன்னார். இன்சுலின் எதிர்ப்பு நிலை, உயர் ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்புகளின் ஏற்றம் எல்லாம் ஒரே வேரிலிருந்து கிளைப்பவை என்று விளக்கி, அதற்கு 'சிண்ட்ரோம் எக்ஸ்' என்று பெயரும் வைத்தார். இன்று அதைத்தான் 'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்கிறார்கள்.

சர்க்கரை ஏறிய பிறகு கதை இன்னும் மோசமாகிறது. சிறுநீரகம், வடிகட்டிய சர்க்கரையை வீணாக்காமல் மீண்டும் ரத்தத்துக்கே அனுப்பப் பார்க்கும். அப்படி அனுப்பும்போது சர்க்கரையோடு சோடியமும் ஜோடியாக உள்ளே வந்துவிடும். அதிகச் சர்க்கரை, ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள புரதங்களில் ஒட்டி அவற்றை விறைப்பாக்கும். ரப்பர் குழாய் போல இருந்தது பி.வி.சி. பைப் போல ஆகிவிடும்.

டைப் 1 சர்க்கரை நோயில் வரிசை வேறு. சிறு வயதிலேயே இன்சுலின் சுரப்பு நின்றுபோவதால் வரும் இந்த வகையில், பெரும்பாலும் சிறுநீரகம் பாதிக்கப்படத் தொடங்கிய பிறகே ரத்த அழுத்தம் ஏறும். அதனால் டைப் 1 உள்ள இளைஞருக்கு பி.பி. ஏறினால், முதலில் சிறுநீரகத்தைப் பரிசோதிப்பார்கள்.

இரண்டும் சேர்ந்தால் முதலில் அடிவாங்குவது யார்?

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் லட்சக்கணக்கான நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. சர்க்கரை அந்த வடிகட்டியின் வலையைப் பழுதாக்குகிறது. உயர் ரத்த அழுத்தம், பழுதான அந்த வலை மீது ரத்தத்தைப் பீய்ச்சி அடிக்கிறது. விளைவு, உள்ளேயே இருக்க வேண்டிய அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிகிறது. வடிகட்டிகள் சாகச் சாக ரத்த அழுத்தம் இன்னும் ஏறும். ஏறிய அழுத்தம் மிச்சமிருக்கும் வடிகட்டிகளையும் கொல்லும். டயாலிசிஸ் வரை கொண்டுபோய் விடுவது இந்தச் சுழல்தான்.

இதில் வலி இருக்காது. சிறுநீர் வழக்கம்போலவே போகும். 'கிரியேட்டினின் நார்மல்' என்று அறிக்கை வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால், சிறுநீரகத்தின் செயல்திறன் ஏறக்குறைய பாதி குறையும் வரைகூட கிரியேட்டினின் இயல்பாகக் காட்டலாம். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே எச்சரிப்பது, சிறுநீரில் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம் பார்க்கும் எளிய பரிசோதனை. 30-க்குக் கீழே இருந்தால் இயல்பு. அதைத் தாண்டினால், கசிவு தொடங்கிவிட்டது என்று பொருள். ஒருமுறை அதிகமாக வந்தால் மீண்டும் பார்த்து உறுதிசெய்வார்கள். காரணம் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, கடுமையான உடற்பயிற்சி போன்றவற்றாலும் அது தற்காலிகமாக ஏறலாம். இந்தக் கட்டத்தில் பிடித்துவிட்டால் சிறுநீரகத்தைக் காப்பாற்ற முடியும். சர்க்கரை நோயாளிகள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இதைச் செய்துகொள்வது அவசியம்.

அடுத்தது கண். விழித்திரையின் மெல்லிய ரத்தக்குழாய்களைச் சர்க்கரை பலவீனமாக்க, ரத்த அழுத்தம் அவற்றைக் கசிய வைக்கிறது. மூளைக்குப் போகும் குழாய்களில் இதே கதை நடந்தால் பக்கவாதம். இதயத்தில் நடந்தால் மாரடைப்பு. சர்க்கரை நோயில் நரம்புகள் மரத்துப்போவதால் சிலருக்கு நெஞ்சுவலியே இல்லாமல் மாரடைப்பு வரலாம். திடீர் மூச்சுத்திணறல், காரணமில்லாத வியர்வை, அதீதச் சோர்வு மட்டுமே அறிகுறியாக இருக்கலாம். முகம் ஒரு பக்கம் கோணுவது, கை தொங்குவது, பேச்சு குழறுவது ஆகியவை பக்கவாதத்தின் அறிகுறிகள். இவை எது வந்தாலும், 'கொஞ்ச நேரம் படுத்தா சரியாயிடும்' என்று காத்திருக்காமல் உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

வெறும் 10 புள்ளிகள் செய்த மாயம்

'பி.பி. கொஞ்சம்தானே அதிகம்' என்பவர்களுக்கு ஒரு கணக்கு. பிரிட்டனில் பல ஆண்டுகள் நடந்த யு.கே.பி.டி.எஸ். என்ற புகழ்பெற்ற சர்க்கரை நோய் ஆய்வின் ஒரு பகுதி 1998-ல் வெளியானது. சர்க்கரை நோய், உயர் ரத்த அழுத்தம் இரண்டும் உள்ள 1,148 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரத்த அழுத்தத்தைக் கண்டிப்பாகக் கட்டுப்படுத்தினார்கள். மற்றொரு குழுவுக்கு அவ்வளவு கண்டிப்பு இல்லை. சுமார் எட்டரை ஆண்டுகளில் முதல் குழுவின் சராசரி 144/82. மற்றவர்களின் சராசரி 154/87.

வித்தியாசம் மேல் அளவில் வெறும் 10. ஆனால், கண்டிப்பாகக் கட்டுப்படுத்திய குழுவில் பக்கவாதம் 44 சதவிகிதம் குறைந்தது. சர்க்கரை நோய் தொடர்பான மரணங்கள் 32 சதவிகிதம் குறைந்தன. கண், சிறுநீரகம் போன்ற இடங்களின் நுண் ரத்தக்குழாய்களில் வரும் பாதிப்புகள் 37 சதவிகிதம் குறைந்தன.

அதைவிட முக்கியமான பாடம் 2008-ல் கிடைத்தது. ஆய்வு முடிந்த பிறகும் அதே நபர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஆய்வுக் காலத்தில் சர்க்கரையை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அதன் பலன் பிறகும் பல ஆண்டுகள் தொடர்ந்தது. ரத்த அழுத்தத்தில் அப்படி இல்லை. ஆய்வு முடிந்து இரண்டே ஆண்டுகளில் இரு குழுக்களின் அழுத்தமும் ஒரே அளவுக்கு வந்துவிட்டது. முன்பு கிடைத்த பாதுகாப்பும் நிலைக்கவில்லை. சுருக்கமாகச் சொன்னால், பி.பி.யில் பழைய சேமிப்பு கைகொடுக்காது. கட்டுப்பாட்டில் இருக்கும்வரைதான் பாதுகாப்பு.

'பி.பி. நார்மலுக்கு வந்துடுச்சு, மாத்திரையை நிறுத்திட்டேன்' என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. நார்மலுக்கு வந்ததே மாத்திரையால்தான். எடை நன்றாகக் குறைந்தவர்களுக்கு மாத்திரையின் அளவைக் குறைக்கலாம், சிலருக்கு நிறுத்தவும் செய்யலாம். ஆனால், அந்த முடிவை எடுக்க வேண்டியவர் மருத்துவர்.

எவ்வளவு இருக்க வேண்டும்?

பொதுவாக 120/80-க்குக் கீழே இருப்பது இயல்பு. வெவ்வேறு நாள்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயர் ரத்த அழுத்தம். சர்க்கரை நோயும் இருப்பவர்களுக்கு 130/80-க்குக் கீழே வைத்திருப்பதே பெரும்பாலான மருத்துவர்களின் இலக்கு. சர்க்கரையில், மூன்று மாத சராசரியான ஹெச்பிஏ1சி 7 சதவிகிதத்துக்குக் கீழ். மிகவும் வயதானவர்கள், அடிக்கடி தலைசுற்றி விழுபவர்கள், அடிக்கடி தாழ்சர்க்கரை வருபவர்களுக்கு இந்த இலக்குகளை மருத்துவர்கள் தளர்த்துவார்கள்.

ரத்த அழுத்தம் மட்டும் இருப்பவர்கள் சர்க்கரைப் பரிசோதனையையும், சர்க்கரை மட்டும் இருப்பவர்கள் ஒவ்வொரு முறை மருத்துவரிடம் செல்லும்போதும் ரத்த அழுத்தப் பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

வீட்டில் பி.பி. பார்ப்பது எப்படி?

* காபி, டீ, பீடி, சிகரெட்டுக்குப் பிறகு அரை மணி நேரம் கழித்துத்தான் பார்க்க வேண்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது.

* முதுகு சாய்ந்திருக்கும்படி நாற்காலியில் 5 நிமிடங்கள் அமைதியாக உட்கார வேண்டும். கால்கள் தரையில் பதிந்திருக்க வேண்டும். கால்மேல் கால் போடக் கூடாது.

* கையை மேஜை மீது இதயத்தின் உயரத்தில் வைக்க வேண்டும். பட்டை, சட்டைக்கு மேல் அல்லாமல் வெறும் கையில் சுற்றப்பட வேண்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு அதிகமாகக் காட்டும்.

* பார்க்கும்போது பேசக் கூடாது. ஒன்றிரண்டு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து, இரண்டையும் எழுதி வைக்க வேண்டும். மருத்துவரைப் பார்ப்பதற்கு முந்தைய ஒரு வாரம், காலையும் மாலையும் எடுத்த அளவுகள் இருந்தால் அவருக்கு அது பெரிய உதவி.

சர்க்கரை நோய் நீண்ட நாள்களாக இருப்பவர்களுக்கு இன்னொன்றும் அவசியம். நின்றபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும். நரம்புகள் பாதிக்கப்பட்டிருந்தால், படுக்கையிலிருந்து எழுந்து நின்றதும் அழுத்தம் சட்டென்று சரியும். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் குறைந்தால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இரவில் பாத்ரூம் போக எழும் பெரியவர்கள் தடுமாறி விழுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுவது நல்லது.

உப்புக் கணக்கு

ஒரு நாளைக்கு ஒருவருக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கிராம் கணக்கு யாருக்கும் மனதில் நிற்காது. அதனால் பாக்கெட் கணக்கு பார்க்கலாம். நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் மாதத்துக்கு 600 கிராம் உப்புதான் அதிகபட்சம். ஒரு கிலோ பாக்கெட் ஒரு மாதத்தில் காலியானால், தலைக்கு நாளொன்றுக்கு 8 கிராமைத் தாண்டுகிறது. கடையில் வாங்கும் ஊறுகாய், மிக்சர், சிப்ஸ், ஹோட்டல் சாம்பார் எல்லாம் இந்தக் கணக்கில் வராதவை.

எனவே, அப்பளம், வற்றல், மோர்மிளகாய், கருவாடு, ஊறுகாய் ஆகியவற்றை என்றாவது ஒருநாள் சாப்பிடுபவையாக மாற்றிக்கொள்ளலாம். சாதம் வடிக்கும்போதும் சப்பாத்தி மாவிலும் உப்பைத் தவிர்க்கலாம். மேஜையில் உப்பு டப்பா வைக்க வேண்டாம். எலுமிச்சை, புளி, மிளகு, சீரகம், இஞ்சி, கொத்தமல்லி ஆகியவற்றால் ருசியைக் கூட்டலாம். இரண்டு மூன்று வாரங்களில் நாக்கு பழகிவிடும்.

இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். அதை அளவில்லாமல் சேர்த்தாலும் அதே விளைவுதான். நாட்டுச் சர்க்கரையும் கருப்பட்டியும் சர்க்கரையை ஏற்றாது என்று நம்புவதைப் போன்றதே இதுவும். கடைகளில் கிடைக்கும் 'லோ சோடியம்' உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள், சிலவகை பி.பி. மாத்திரைகள் சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தவே கூடாது.

தட்டில் பாதி காய்கறி, கீரை. கால்பங்கு பருப்பு, சுண்டல், முட்டை, மீன் போன்ற புரதம். மிச்சக் கால்பங்கு மட்டும் சாதமோ சப்பாத்தியோ என்பது இரண்டு நோய்களுக்கும் பொருந்தும். வாரத்தில் ஐந்து நாள்களாவது 30 நிமிட வேகநடை, எடைக் குறைப்பு, புகையை அறவே விடுவது, மதுவைத் தவிர்ப்பது ஆகியவையும் அப்படியே. பலத்த குறட்டை விட்டு, இடையில் மூச்சு நின்று திணறி விழிப்பவர்கள் அதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்தத் தூக்கக் கோளாறும் இரண்டையும் ஏற்றும்.

மாத்திரைகள்... எழும் சந்தேகங்கள்

'எனக்கு தலைசுத்தலே இல்லையே, எதுக்கு பி.பி. மாத்திரை?'
பெரும்பாலானவர்களுக்கு உயர் ரத்த அழுத்தம் எந்த அறிகுறியும் காட்டாது. அறிகுறி தெரியும்போது ஏதோ ஓர் உறுப்பு பாதிக்கப்பட்டிருக்கலாம்.

'கிட்னியைக் கெடுத்துடும்னு சொல்றாங்களே?'
உண்மை நேர்மாறானது. ராமிப்ரில், எனலாப்ரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் போன்றவை வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைத்து, புரதக் கசிவைத் தடுத்துச் சிறுநீரகத்தைக் காக்கின்றன. தொடங்கிய சில வாரங்களில் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பரிசோதிக்க வேண்டும். ராமிப்ரில், எனலாப்ரில் வகையில் சிலருக்கு வறட்டு இருமல் வரும். சொன்னால் மருத்துவர் மாற்றித் தருவார். கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இந்த மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்பதால், முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிப்பது அவசியம். சிறுநீரகத்தைக் கெடுப்பது, மூட்டுவலிக்கும் முதுகுவலிக்கும் மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் வலி நிவாரணிகள். அவை ரத்த அழுத்தத்தையும் ஏற்றும்.

'பி.பி. மாத்திரையால சுகர் ஏறுமா?'
சில நீர்பிரிப்பு மாத்திரைகள் சர்க்கரையைச் சற்று ஏற்றலாம். அவற்றின் நன்மை அதைவிடப் பெரிது என்பதால்தான் மருத்துவர் எழுதுகிறார். 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, தாழ்சர்க்கரையின்போது வரும் படபடப்பும் நடுக்கமும் தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் வரும். இன்சுலினோடு இந்த மாத்திரையும் எடுப்பவர்கள், திடீரென வியர்த்தால் உடனே சர்க்கரையைப் பார்க்க வேண்டும்.

'ஒரே மாத்திரையால ரெண்டும் குறையாதா?'
எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை, சிறுநீரகத்தில் சர்க்கரையும் சோடியமும் ஜோடியாகத் திரும்பும் அந்த வழியை அடைக்கின்றன. அதனால் சர்க்கரையோடு ரத்த அழுத்தமும் கொஞ்சம் குறையும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பு கிடைக்கும். ஆனால், பி.பி. மாத்திரைக்கு இது மாற்று இல்லை. பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம் என்பதால் சுத்தம் முக்கியம்.

'வாந்தி, பேதி வந்தா மாத்திரை போடலாமா?'
உடலில் நீர் வற்றியிருக்கும்போது சில சர்க்கரை, பி.பி. மாத்திரைகளைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டியிருக்கும். அன்றே மருத்துவரிடம் கேட்க வேண்டும். இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது.

பெண்கள் கவனத்துக்கு...

கர்ப்பகாலச் சர்க்கரை உள்ளவர்களுக்கு கர்ப்பகால ரத்த அழுத்தம் வரும் ஆபத்தும் அதிகம். பிரசவம் முடிந்ததும் இரண்டும் இயல்புக்குத் திரும்பும். குழந்தையைக் கவனிக்கும் மும்முரத்தில் அம்மா தன் பரிசோதனையை மறந்துவிடுவார். ஆனால், இவர்களுக்குப் பின்னாளில் சர்க்கரை நோயும் ரத்த அழுத்தமும் நிரந்தரமாக வரும் வாய்ப்பு அதிகம். பிரசவத்துக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் இரண்டையும் பார்க்க வேண்டும். வீட்டில் உள்ளவர்கள் நினைவுபடுத்தி அழைத்துச் செல்வது நல்லது.

செலவு தடையாக வேண்டாம்

அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரண்டு நோய்களுக்கும் பரிசோதனையும் மாத்திரையும் இலவசம். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இந்த இரண்டு நோய்களுக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே வந்து தரப்படுகின்றன. நடமாட முடியாத பெரியவர்கள் உள்ள வீடுகள், பகுதி சுகாதாரப் பணியாளரிடம் கேட்டுப் பதிவு செய்துகொள்ளலாம்.

ஆண்டுக்கு ஒருமுறை மறக்கக் கூடாதவை: சிறுநீர் அல்புமின் பரிசோதனை, கிரியேட்டினின், கொழுப்பு அளவுகள், விழித்திரைப் பரிசோதனை, பாதப் பரிசோதனை, மருத்துவர் சொன்னால் இ.சி.ஜி. மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி. வீட்டில் சர்க்கரை அளவை எழுதி வைக்கும் அதே நோட்டில், பக்கத்திலேயே இன்னொரு கட்டம் போட்டு பி.பி.யையும் எழுதத் தொடங்கினால் போதும். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்த நோட்டை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள்.